குறை சொல்ல ஒரு வகுப்பு

அகதிகளுக்கு உதவும் இந்த வேலைக்கு நல்ல மனம் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு உங்களில் யாராவது வந்திருந்தால், அந்த எண்ணத்தை மழைக்கோட்டோடு சேர்த்து வாசலில் மாட்டிவிட்டு உள்ளே வாருங்கள். நல்ல மனத்தோடு நான் செய்த ஒரு காரியத்தால் எங்கள் பயிற்சிச் சமையலறையே இழுத்து மூடப்பட இருந்தது. கெட்ட மனத்தோடு செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. யாராவது தடுத்திருப்பார்கள்.

அந்தச் சமையலறை ஓர்லிகோனில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அகதிகளாகச் சுவிஸுக்கு வந்தவர்களுக்குச் சமையல் தொழிலைப் பழக்கிச் சான்றிதழோடு வெளியே அனுப்பும் இடம். மத்தியானம் பக்கத்து அலுவலகக்காரர்கள் வந்து சாப்பிடுவார்கள். பயிலுகிறவர்கள் சமைப்பார்கள், நான் பழக்குவேன். அங்கே ஒன்பது வருடம் இருந்தேன். அதற்கு முதல் லுசேர்ண் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்புக்கு முன்னால் நிற்கும் தகுதி வரை ஏறியவன். பயிற்றுநர் வகுப்புக்கும் போய்ச் சோதனை எழுதிச் சித்தியடைந்தேன். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். மனைவிதான் தூசி தட்டுவாள்.

இனி அஃபியைச் சொல்ல வேண்டும். டோகோ நாட்டுப் பெற்றோருக்கு நொஷாட்டலில் பிறந்து வளர்ந்தவர். வணிக நிர்வாகத்தையும் அரசுக் கொள்கையையும் சேர்த்துப் படித்த பட்டதாரி. நல்ல சம்பளத்துக்கு வங்கிக்குப் போகாமல் எங்கள் இடத்துக்குப் பொறுப்பாளராக வந்தவர். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் முதன்முதல் வந்த அன்று காலை ஏழு மணிக்கு நான் கண்டது, வாசலில் பையோடு நின்ற ஒரு கறுப்பினப் பெண்ணை மட்டும்தான்.

"ஷ்னுப்பரோ?" என்று கேட்டேன்.

இந்த நாட்டில் ஓரிடத்தில் பயிற்சிக்குச் சேருவதற்கு முன் ஒரு நாள் வந்து நின்று வேலையைப் பார்த்துப் போவார்கள். மோப்பம் பிடிக்கிற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு மாதிரிக்கு ஓம்" என்றார்.

அவர் பேசியது பிரெஞ்சு வாசம் அடிக்கும் ஜெர்மன். நான் திருப்பிச் சொல்லும்போது யாழ்ப்பாணத் தமிழாய்த்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏப்ரனையும் கத்தியையும் கொடுத்து, வெங்காயப் பெட்டி ஒன்றைக் காட்டினேன். மறுபேச்சில்லாமல் உரிக்கத் தொடங்கினார். ஒன்பது மணித் தேநீர் நேரத்தில் எங்கள் நிர்வாகசபைத் தலைவர் வந்தார். வெங்காயக் கண்ணீரோடு நின்றவரைப் பார்த்து, "புதிய பொறுப்பாளரைச் சந்தித்துவிட்டீர்கள் போலிருக்கிறதே" என்று என்னிடம் சொன்னார்.

லுசேர்ணில் நான் விடுமுறை நாளில் கோட்டும் சூட்டுமாக மனைவியோடு சாப்பிடப் போனாலும், பக்கத்து மேசைக்காரர் காலிக் கோப்பையை என்னிடம் நீட்டுவார். அந்தக் கோபம் எனக்குள் முப்பது வருடமாக இருந்தது. அப்படிப்பட்ட நானே வெங்காயப் பெட்டியை நீட்டினேன்.

அஃபி கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வெங்காயம் பரவாயில்லை. கத்திதான் மொட்டை. ஒருத்தரும் உங்களிட்டைச் சொல்லேல்லையோ?"

ஒருவரும் சொல்லவில்லை. பயிலுகிறவர்கள் பன்னிரண்டு பேரும் அதே மொட்டைக் கத்திகளால் மாதக்கணக்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய கத்தி எனக்கு வேறாக இருந்ததால் எனக்கும் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குப் பணமும் ஒப்பந்தமும் தரும் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஆண்டுக்கொரு கேள்விப் படிவம் வரும். பயிலுகிறவர்கள் நிரப்ப வேண்டும். எது நல்லது, எது குறைவு, இன்னும் என்ன தேவை என்று கேட்டிருப்பார்கள். அந்த வருடம் படிவம் வந்த நாளில் அஃபி பேர்ணில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் நல்ல மனத்தோடு களத்தில் இறங்கினேன். எல்லோரையும் மேசையில் இருத்தி, "இது அரசாங்கத்துக்குப் போற காகிதம். நல்லதாய் எழுதுங்கோ. குறை எண்டு ஒண்டும் போட்டிடாதேங்கோ" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் இங்கே பிறந்த பிள்ளைகள். நாங்கள் அகதி விசாரணையில் ஒரு சொல் பிசகினால் வருடக்கணக்காக இழுபட்டவர்கள். அரசாங்கக் காகிதம் என்றால் வணக்கம், நன்றி, எல்லாம் நலம். இது எங்கள் பன்னிரண்டு பேருக்கும் பொதுவான மதம். பயிலுகிறவர்களில் ஒருவரான, எங்கள் தமிழ்ப்பெண் ராணி எல்லாக் கேள்விக்கும் பத்துக்குப் பத்துப் போட்டார். அஸ்மாராவில் பஸ் ஓட்டிய தெஸ்ஃபாய் ஐம்பதைத் தாண்டியவர், மரியாதை தெரிந்த மனிதர். 'இன்னும் என்ன தேவை?' என்ற கேள்விக்குக் கீழே 'உங்கள் உடல்நலம்' என்று எழுதினார். அதை வாசித்து நான் அவருடைய முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அஃபி களஞ்சிய அறையில் கோதுமை மாமூட்டை ஒன்றில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினார். பங்கேற்பாளர்களின் திருப்தி இதுவரை காணாத அளவில் இருக்கிறதாம். மேலதிகத் தேவை எதுவும் பதிவாகவில்லையாம். ஆகவே ஆண்டு முடிவோடு ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு, இவ்வளவு நன்றாகத் தேறியவர்களை நேரடியாக வேலை தேட அனுப்பலாமாம்.

"ஷிவா, என்னெண்டு பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதினவை?"

சொன்னேன். தெஸ்ஃபாயின் பதில் வரைக்கும் வந்ததும் அஃபி சிரிக்கத் தொடங்கினார். மாமூட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ராணிக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கு?"

அவருக்கு ஒரு வருடம் மிச்சம் இருந்தது. ராணி எஃப் விசாவில், அதாவது தற்காலிக அனுமதியில், இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தவர். சான்றிதழ் இல்லாவிட்டால் நிரந்தர வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் நிலையாகத் தங்கும் பி விசா இல்லை. பி இல்லாவிட்டால் மூத்த மகள் வகுப்போடு எல்லை தாண்டி ஒரு நாள் சுற்றுலா போவதற்கும் அனுமதிக் காகிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை காகிதம் பிந்தி வந்து, பிள்ளை போகாமலே விட்டுவிட்டது. நாற்பது வயதில் பாதிப் பயிற்சியோடு வெளியே போகிறவரை இன்னொரு இடம் முதலிலிருந்து எடுக்குமா? எடுக்காது. இது எனக்கும் தெரியும், அஃபிக்கும் தெரியும்.

அஃபி அடுத்த நாளே அலுவலகத்துக்கு எழுதிப் போராடினார். கடைசியில் அவர்கள் ஒன்றுக்குச் சம்மதித்தார்கள். ஒரு அதிகாரி நேரில் வருவார், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கதைப்பார், பொறுப்பாளரோ பயிற்றுநரோ பக்கத்தில் நிற்கக் கூடாது. அதற்கு மூன்று வாரம் இருந்தது.

"பிரச்சினையில்லை" என்றேன். "என்ன சொல்லவேணும் எண்டு நான் பாடமாக்கிக் குடுக்கிறன்."

"அதைத்தானே போனமுறையும் செய்தனீங்கள்?"

குறிப்பெழுத எடுத்த பேனையைத் திரும்பவும் சட்டைப் பையில் செருகினேன்.

அப்போதுதான் அவர் தன் படிப்பைப் பற்றி முதல்முறையாகக் கதைத்தார். "வியாபாரப் படிப்பிலை சொன்னவை, குறை சொல்லுற வாடிக்கையாளர் திரும்பி வருவார், சிரிச்சுக்கொண்டு போறவர் வரமாட்டார் எண்டு. கொள்கைப் படிப்பிலை சொன்னவை, கோப்பிலை இல்லாத குறை அரசாங்கத்துக்கு இல்லாத குறை எண்டு. ரெண்டையும் என்னத்துக்குச் சேர்த்துப் படிக்கிறாய் எண்டு அம்மா கேட்டவ. எனக்கும் சொல்லத் தெரியேல்லை. இப்ப தெரியுது. இவையளுக்கு என்ன சொல்லவேணும் எண்டு நாங்கள் சொல்லக் கூடாது. குறை சொல்லுறது எப்படி எண்டு பழக்குவம். அதுவும் ஒரு தொழில்தானே?"

அஃபியின் அம்மா அலுவலகங்களைத் துப்பரவாக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு நாளும் முறையிடாதே, நன்றி கெட்டவர்கள் என்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாராம். பல்கலைக்கழகத்துக்குப் போனால், கூடப் படித்த சுவிஸ் பிள்ளைகள் கோப்பியிலிருந்து கதிரை வரைக்கும் எல்லாவற்றுக்கும் முறையிட்டார்களாம். முறையிட்டதெல்லாம் கிடைத்ததாம். மாணவர் விடுதியில் அஃபியின் அறை வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கக் கோட்டோடு படுத்துவிட்டு, இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு கடிதம் எழுதினார். அடுத்த நாள் ஒருவர் சாவியோடு வந்து கால்மணி நேரத்தில் திருத்திவிட்டு, "ஏன் முதலே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

"அவர் போனாப் பிறகு நான் இருந்து அழுதனான்" என்றார் அஃபி. "சூடு வந்ததுக்கு இல்லை. ஒரு வருசம் வீணாய்க் குளிர்ந்ததுக்கு."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நாங்களும்தான் சொல்கிறோம். ஆனால் பிறத்தியார் வீட்டில் அழக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். லுசேர்ணில் நான் முதல் வீடு எடுத்தபோது, வீட்டுக்காரர் ஒரு தாளோடு அறை அறையாக நடந்து, "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார். நிலத்தில் கீறல், குளியலறையில் வெடிப்பு, அடுப்பில் இரண்டு தட்டு வேலை செய்யாது. "இல்லை, இல்லை, மிக அழகான வீடு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். விட்டுப்போகும்போது அந்தக் கீறலுக்கும் வெடிப்புக்கும் செலவு என் தலையில் விழுந்தது. இந்த ஊரில் குறையை எழுதாதவன் குறைக்குச் சொந்தக்காரன்.

ஆகவே வகுப்புத் தொடங்கியது. தினமும் காலைத் தேநீருக்குப் பிறகு இருபது நிமிடம். அஃபி பலகையில் எழுதினார்: என்ன குறை, எப்போதிலிருந்து, என்ன செய்யவேண்டும். சிரிக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கக் கூடாது. முடிவில் 'இருந்தாலும் மிகவும் நன்றி' என்று போடக் கூடாது. யாரைப் பற்றிக் குறை சொல்லிப் பழகுவது என்ற கேள்வி வந்தபோது, நான் பெருந்தன்மையாக எழும்பி, "என்னைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிய கதை.

முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராணி மட்டும், "அண்ணையிலை ஒரு குறையும் இல்லை" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப இவரைக் கோயிலிலை வைப்பம், இஞ்சை என்னத்துக்கு வேலை செய்யிறார்?" என்றார் அஃபி.

இரண்டாம் நாள் தெஸ்ஃபாய் எழும்பி நின்று, பாராளுமன்றத்தில் பேசுவதுபோலச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வானொலிச் சத்தம் கூட. நான் வந்த நாளிலிருந்து. குறைக்கவேணும்" என்றார். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார், பொலிஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல. நான் வானொலியைக் குறைத்தேன். அவ்வளவுதான், அணை உடைந்தது. நான் மற்றவர்களுடைய சட்டிக்குள் கேட்காமல் உப்புப் போடுகிறேன். சிரிக்க வைக்கிறேன் என்று ஒரே பகிடியைத் திங்களும் சொல்கிறேன், வியாழனும் சொல்கிறேன். ஆப்கானியர் ஒருவரை மூன்று மாதமாக, முன்பு இங்கே படித்த அவருடைய அண்ணனின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவர் மரியாதைக்கு அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஐந்தாம் நாள் ராணி எழும்பினார். என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டு ஜெர்மனில் தொடங்கினார், பாதியில் தமிழுக்கு மாறினார்.

"அண்ணை, நான் மெதுவாய் வெட்டினால் நீங்கள் கத்தியைப் பறிக்கிறியள். ஒரு வருசமாய். மீன் வந்தால், விடு பிள்ளை, நான் செய்யிறன் எண்டுவியள். நான் இன்னும் ஒரு முழு மீனை முள்ளெடுத்துத் துப்பரவாக்கேல்லை. சோதினையிலை அதுதான் வரும். எனக்குக் கத்தியைத் தாங்கோ, பக்கத்திலை நில்லுங்கோ, கையைக் கட்டிக்கொண்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. மத்தியானச் சாப்பாடு பிந்தக் கூடாது என்ற அவசரத்தில் நான் செய்ததை அன்பு என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்பிள்ளை பாவம், களைத்துப்போய் வருகிறாள், கொஞ்சம் உதவுவோம் என்று நினைத்தேன். நான் உதவிய ஒவ்வொரு மீனும் ராணியின் சோதனையிலிருந்து கழிந்த மீன். மூன்று நாள் நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. வீட்டில் மனைவியிடம் சொல்லி ஆறுதல் தேடினேன். "இதைத்தானே நான் முப்பது வருசமாய்ச் சொல்லுறன். குசினிக்குள்ளை வந்தால் அகப்பையைப் பறிக்கிறியள் எண்டு. எனக்கு ஆர் வகுப்பு வைச்சவை?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

உங்களுக்கு இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் இந்தப் பழக்கம் வரும். நீங்கள் படிவத்தை அவர்களுக்காக நிரப்பிக் கொடுப்பீர்கள், தொலைபேசியை வாங்கி நீங்களே கதைத்து முடிப்பீர்கள். கத்தி மட்டும்தான் வேறு.

அதிகாரி வந்த நாள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சைக்கிளில் வந்த மெலிந்த அம்மையார். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தவர், கோப்பித் தட்டோடு நின்ற அஃபியைக் கண்டதும், சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "நீங்கள், எவ்வளவு, காலமாக, இங்கே?" என்று கேட்டார்.

"ஏழு மாதம்" என்றார் அஃபி. உண்மைதான்.

"பிடிச்சிருக்கா?"

"மூன்று குறை இருக்கு."

அம்மையாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேனையை எடுத்தார். "முதலாவது, களஞ்சிய அறைக்கு யன்னல் இல்லை. ரெண்டாவது, உங்கடை படிவம் ஜெர்மனிலை மட்டும்தான் இருக்கு. மூன்றாவது, அதை ஆர் பக்கத்திலை நிக்கேக்கை நிரப்பினவை எண்டு கேக்க அதிலை ஒரு இடமும் இல்லை" என்றார் அஃபி. மூன்றாவதைக் கேட்டு நான் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

எழுதி முடித்துவிட்டு, "நல்லாய்க் கதைக்கிறீங்கள். எதிர்காலத்தில் என்னவாக வர விருப்பம்?" என்று கேட்டார் அம்மையார்.

"இந்த இடத்தின் பொறுப்பாளராய். ஏற்கெனவே வந்திட்டன். கோப்பிக்குப் பால் வேணுமோ?"

அந்த முகம் சிவந்த சிவப்பைப் பார்க்க நான் காசு கொடுத்திருப்பேன். இனி அஃபி கிழித்துத் தொங்கவிடப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பாலை ஊற்றினார், அறையைக் காட்டினார், என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். எனக்குத் தாங்கவில்லை. "ஏன் சும்மா விட்டனீங்கள்?"

"வெட்கப்பட்டு எங்களுக்கு நல்லதாய் எழுதினால், வெட்கம் ஒரு கிழமையிலை போயிடும். கண்டதை வைச்சு எழுதினால் அது கோப்பிலை இருக்கும்" என்றார். பிறகு, "வெங்காயம் உரிக்கச் சொல்லேல்லை. அந்த மட்டிலை அவ உங்களை விட நல்லவ" என்றார்.

ஒரு மணி நேரத்தில் முடியும் என்றார்கள். மூன்று மணி நேரம் போனது. கடைசியாக ராணி வெளியே வந்தார். என்ன சொன்னீர் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அன்று நான் செய்த பெரிய வேலை.

இரண்டு கிழமை கழித்து முடிவு வந்தது. ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குத் தொடரலாம். ஆனால் பதினேழு குறைகள், ஒவ்வொன்றையும் திருத்தவேண்டும். 'பயிற்றுநர் பயிலுநரின் கையிலிருந்து கருவிகளை எடுக்கக் கூடாது' என்று அரசாங்கக் கடிதத்தில், இலக்கம் போட்டு, அழகான எழுத்தில் இருந்தது. வானொலியும் இருந்தது. என் பகிடியும் இருந்தது. அஃபி அதை உரக்க வாசிக்க, குசினி முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அதற்குப் பிறகுதான். கடிதத்தோடு ஊழியர் விபரப் படிவமும் இருந்தது, வழமையாக வருகிறதுதான். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தோடு திரும்பிப் போனால்தான் ஒப்பந்தம் செல்லும். என் பெயருக்கு எதிரே 'சமையலறை உதவியாளர்' என்று அச்சடித்திருந்தது. பயிற்றுநர் என்ற இடத்தில், நாலு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன ஒரு சமையற்காரரின் பெயர் இன்னும் இருந்தது. கீழே, 'விபரங்கள் சரியா? ஆம், இல்லை.'

அவர் போனபிறகு பழக்கியது நான், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் 'ஆம்' என்று போட்டேன். ஒரு சொல்லுக்காக அலுவலகத்தைத் தொந்தரவு செய்வானேன் என்று. வேலை செய்யும் எனக்குத் தெரியும், நான் யார் என்று. காகிதத்துக்குத் தெரியாவிட்டால் என்ன?

அஃபி அதைப் பார்த்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஷிவா, பதிவிலை இருக்கிற பயிற்றுநர் இஞ்சை இல்லையெண்டால் ராணியின்ரை பயிற்சி வருசம் எண்ணுப்படாது. சோதினைக்கு இருக்கவே விடமாட்டினம். ஏழு மாசமாய் நானும் இதைப் பார்க்கேல்லை."

பதினேழு குறையும் போய், ராணியைக் கவிழ்க்கக் கூடிய பதினெட்டாவது குறை என் பேனையிலிருந்து வந்திருந்தது. அப்போதும் என் முதல் யோசனை என்ன தெரியுமோ? இப்போது 'இல்லை' என்று போட்டால் பழைய பொய்யெல்லாம் கிளம்பும், வந்த ஒப்பந்தமும் போகும், இந்த முறையும் 'ஆம்' போட்டுவிட்டுப் பிறகு மெதுவாகப் பார்க்கலாம். இதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

ராணி பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றவர் திரும்பினார். "அண்ணை, நான் அந்த அம்மாவுக்கு முன்னாலை நடுங்கி நடுங்கி உங்களைப் பற்றிச் சொன்னனான். உங்களுக்கு ஒரு புள்ளடி போடப் பயமோ?"

'இல்லை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். வீட்டுச் சுவரிலிருந்த சான்றிதழைச் சட்டத்தோடு கொண்டுவந்து பிரதி எடுத்து இணைத்தேன். படிவம் வியாழக்கிழமையே போனது. வெள்ளிக்கிழமை அந்த அம்மையார் தொலைபேசியில் வந்தார்.

"நாலு வருடமாக ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் ஒவ்வொரு வருடமும் சரியா என்று கேட்டீர்கள். நான் மரியாதைக்கு ஆம் என்றேன்."

"அது எங்கள் பிழை இல்லையே."

"இல்லை, என்னுடையது. பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

அவர் சிரித்தார். வேலை செய்த காலம் முழுவதையும் அஃபி எழுத்தில் உறுதிப்படுத்தினால் ராணியின் வருடத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்றார். அஃபி அன்றே அனுப்பினார், இரண்டு பக்கம். அதில் என் பகிடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அது அவருடைய பெருந்தன்மை.

பயிற்றுநர் என்று காகிதத்திலும் இருந்தபடி நான் வேலை செய்தது கடைசி ஒரு வருடம்தான். அந்த வருடம் முழுக்க மீன் வந்த நாளெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மத்தியானச் சாப்பாடு பலமுறை பிந்தியது. பக்கத்து அலுவலகக்காரர்கள் முறையிட்டார்கள். எழுதித் தாருங்கள் என்றேன்.

ராணி சோதனையில் சித்தியடைந்தார். வேலையும் கிடைத்தது. நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய கிழமை, அவருக்கு வேலைச் சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இந்த நாட்டில் அந்தக் கடிதத்தில் ஒரு சொல் குறைந்தாலும் அடுத்த முதலாளி அதற்குள் ஒரு கதை வாசிப்பார். அதனால் இரண்டு இரவு முழித்திருந்து, என் ஜெர்மன் அறிவு எல்லாவற்றையும் கொட்டி எழுதியிருந்தேன். கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே பயிற்றுநர் என்று. அழுவாரோ, காலில் விழுவாரோ என்று கொஞ்சம் ஆயத்தமாகவும் நின்றேன்.

ராணி நின்ற இடத்திலேயே இரண்டு முறை வாசித்தார். சிரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை.

"அண்ணை, ரெண்டாம் பந்தியிலை நான் நேரத்துக்கு வாறனான் எண்டு போட்டிருக்கிறியள். நான் வந்த முதல் நாளிலையிருந்து பத்து நிமிசம் முந்தித்தான் வாறனான். அதை மாத்தித் தாங்கோ."

உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன்.